19 வயதோடு நின்றுபோகும் இலவச நாப்கின்... கோரிமேடு கல்லூரி மாணவிகளுக்கு யார் பொறுப்பு?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஏறினால், ஊர் முடிவதற்குச் சற்று முன்னால் வருவது கோரிமேடு. கண்டக்டர் 'ஜிப்மர்... ஜிப்மர்' என்று குரல் கொடுத்ததும் பாதி பஸ் காலியாகிவிடும். கையில் ஸ்கேன் கவரோடு நோயாளிகள், சாப்பாட்டுக் கூடையோடு உடன் வந்தவர்கள், இவர்களுக்கு நடுவே வெள்ளை கோட்டை மடித்துக் கையில் வைத்திருக்கும் மாணவிகள்.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுதான் இன்றைய ஜிப்மர். அது தவிர, புதுச்சேரி அரசின் அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிறுவனம், மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி என்று டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட் எல்லோரையும் உருவாக்கும் ஏரியா இது. படிப்பவர்களில் புதுச்சேரிப் பெண்களும் உண்டு. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தவர்களும் உண்டு. கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு எல்லை. பெட்ரோல் விலையும் பாட்டில் விலையும் இந்த எல்லையில் மாறுவது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் மாறுகிறது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், தன் ஊரில் இருந்தவரை ஒரு பெண்ணுக்கு அரசாங்கம் இலவச நாப்கின் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லூரிக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததும் அது நின்றுவிடுகிறது. எல்லை தாண்டாமல் தமிழ்நாட்டுக் கல்லூரியிலேயே சேர்ந்திருந்தாலும், இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ அது நின்றுதான் போயிருக்கும்.

மாதத்துக்கு 9

தமிழ்நாட்டில் 'புது யுகம்' திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012-ல் நடைமுறைக்கு வந்தது. 10 முதல் 19 வயது வரையிலான கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின். பள்ளியில் படிப்பவர்களுக்குப் பள்ளியிலேயே கிடைக்கும். மற்றவர்களுக்கு அங்கன்வாடி, கிராம சுகாதார நர்ஸ் மூலமாக வீட்டுப் பக்கமே வந்து சேரும். பிரசவமான தாய்மார்களையும் சிறையில் இருக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்த நாளில் இந்தியாவில் இப்படி யோசித்த மாநிலங்கள் ரொம்பக் குறைவு. அந்தப் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால், கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 3 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 6. வருடத்துக்கு 18 பாக்கெட், அதாவது 108 நாப்கின். மாதத்துக்கு 9.

நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் எப்போதும் சொல்லும் அளவு. 5 நாள் பீரியட்ஸில் ஒரு நாளைக்கு 4 என்றால் 20. கடைசி நாள்களில் குறைவாக இருக்கும் என்று கழித்தாலும் 15-க்குக் கீழே வராது. ஆக, 9 என்பது பாதிக்குச் சற்று மேல். மிச்சத்துக்கு அம்மாவின் பழைய புடவையோ, கடையில் வாங்கிய பாக்கெட்டோதான் துணை. அந்தப் பாதியும் 19 வயதோடு முடிந்துவிடுகிறது.

நர்ஸிங் 4 வருடப் படிப்பு. ப்ளஸ் டூ முடித்து 17 - 18 வயதில் சேரும் பெண், வெளியே வரும்போது 21, 22. எம்.பி.பி.எஸ் என்றால் ஹவுஸ் சர்ஜன் வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். படிப்பின் பெரும்பகுதி திட்டத்தின் வயது வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. மாதவிடாய் என்னவோ சராசரியாக 45, 50 வயது வரை வந்துகொண்டுதான் இருக்கும்.

மத்திய அரசு 2011-ல் கொண்டுவந்த மாதவிடாய் சுகாதாரத் திட்டத்துக்கும் இதே 10 - 19 தான் வரம்பு. ஆஷா பணியாளர்கள் கிராமங்களில் 6 நாப்கின் கொண்ட பாக்கெட்டை 6 ரூபாய்க்கு விற்ற திட்டம் அது.

உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கும் பள்ளியோடு நின்றது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த டாக்டரும் காங்கிரஸ் பிரமுகருமான ஜெயா தாக்கூர் தொடர்ந்த பொதுநல வழக்கில், 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு இலவச நாப்கினும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் கேட்கப்பட்டன. நாடு முழுக்க ஒரே மாதிரியான கொள்கை வேண்டும் என்று 2023 ஏப்ரல் 10-ல் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. அதன்பின் மத்திய அரசு ஒரு கொள்கையைத் தயாரித்து, 2024 நவம்பரில் நீதிமன்றத்தில் தெரிவித்தது. கொள்கையின் பெயரிலேயே விஷயம் தெளிவாக இருக்கிறது: பள்ளி செல்லும் மாணவிகளுக்கான மாதவிடாய் சுகாதாரக் கொள்கை.

பள்ளியில் நாப்கின் இல்லாமல் படிப்பை நிறுத்தும் பெண்கள் இருக்கும் நாட்டில், முதலில் பள்ளிக்குக் கொடுப்பது நியாயம்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 12-ம் வகுப்பைத் தாண்டிவிட்டாள் என்பதற்காகத் தேவையும் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வதுதான் இடிக்கிறது.

99 சதவிகிதம் என்ற நம்பர்

'புதுச்சேரியில் இதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்று கேட்பவர்கள் கையில் வலுவான ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. 2019 - 21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் புதுச்சேரியில் 99 சதவிகிதம். தமிழ்நாட்டில் 98. பீகாரில் 59. நாட்டிலேயே முதல் வரிசையில் இருக்கிறது புதுச்சேரி.

உண்மைதான். ஆனால், அந்த ஆய்வு கேட்ட கேள்வி 'என்ன பயன்படுத்துகிறீர்கள்?' என்பது. தேவைப்பட்ட நேரத்தில் கையில் இருந்ததா, ஒரே நாப்கினோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், அதற்கான காசை எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதெல்லாம் வேறு கேள்விகள். மாதம் முழுக்க நாப்கின் பயன்படுத்துகிற பெண்ணும், மாசக்கடைசியில் ஒன்றை 10 மணி நேரம் வைத்திருக்கிற பெண்ணும் அந்த 99-க்குள் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வார்டு போஸ்ட்டிங்கில் நிற்கும் ஒரு நர்ஸிங் மாணவியின் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கெல்லாம் ஹாஸ்டலிலிருந்து கிளம்பியாக வேண்டும். யூனிஃபார்ம் வெளிர் நிறம். பை வார்டுக்குள் வராது, நர்ஸிங் ரூமிலோ ஹாஸ்டலிலோ இருக்கும். ரவுண்ட்ஸ் நடக்கும்போது நடுவில் போக முடியாது. தேதி தவறி முன்கூட்டியே பீரியட்ஸ் வந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் தோழியிடம் கண்ணால் கேட்க வேண்டியதுதான். அவளிடமும் இல்லையென்றால் டிஷ்யூ பேப்பரோ பஞ்சோ. மாற்ற வசதியில்லை என்றால் பல பெண்கள் செய்வது இன்னொன்று: பாத்ரூம் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்றுக்குப் போடும் வெற்றிலை பாக்கு அது. நோயாளிக்கு 'நிறையத் தண்ணீர் குடிங்கம்மா' என்று சொல்லிக்கொண்டே தான் குடிக்காமல் இருப்பது அந்த வேலையின் வேடிக்கைகளில் ஒன்று.

தேதி தவறுவதும் அபூர்வமான விஷயமில்லை. வீட்டை விட்டு முதல் முறையாக ஹாஸ்டலுக்கு வரும்போது தூக்கம், சாப்பாடு, பரீட்சைப் பதற்றம் எல்லாமே மாறுகின்றன. சுழற்சியும் சேர்ந்து தடுமாறும். பி.சி.ஓ.எஸ் இருப்பவர்களுக்கு எந்த மாதம், எந்த நாள் என்றே சொல்ல முடியாது. 'முன்னாடியே பையில எடுத்து வச்சுக்க வேண்டியதுதானே' என்பது 28 நாள் தவறாமல் வருகிறவர்களுக்குப் பொருந்தும் அறிவுரை.

கேட்டுக்கு எதிரே இத்தனை மெடிக்கல் ஷாப் இருக்கிறதே என்றும் கேட்கலாம். இருக்கிறதுதான். கோரிமேட்டில் மருந்துக்கடைக்குப் பஞ்சமே இல்லை. கிளாஸ் நடுவே கேட் வரை போய், நியூஸ் பேப்பரில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டு வாங்கி, திரும்பி வருவதற்குள் அட்டெண்டன்ஸ் போய்விடும். ராத்திரி ஹாஸ்டல் கேட் பூட்டிய பிறகு கடை திறந்திருந்தாலும் பயனில்லை.

காசும் இருக்கிறது. ஒரு நாப்கின் 8 ரூபாய் என்று வைத்தால், 15-க்கு 120 ரூபாய். வருடத்துக்கு 1,440. வசதியான வீட்டுக்கு இது ஒரு பீட்சா கணக்கு. கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் மெஸ் பில், புத்தகம், பஸ் காசுக்கு மேல் கேட்க வேண்டிய பெண்ணுக்கு அப்படியில்லை. அதுவும் அப்பாவிடம் 'எதுக்கு' என்று சொல்லாமல் கேட்க வேண்டிய காசு.

அஞ்சு ரூபாய் காயின் மெஷின்

இதற்கான தீர்வாகப் பெரும்பாலான கல்லூரிகள் கையில் எடுப்பது வெண்டிங் மெஷின். லேடீஸ் டாய்லெட் வாசலில் சுவரில் மாட்டியிருக்கும். காயினைப் போட்டால் ஒரு நாப்கின் விழும். திறப்பு விழா நடக்கும், ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ பேப்பரில் வரும்.

அதற்குப் பிறகு நடப்பது, நாட்டின் எந்த ஊரில் படித்த பெண்ணைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே கதை. காயின் உள்ளே போகும், நாப்கின் வராது. அல்லது ஸ்டாக் தீர்ந்திருக்கும், நிரப்புவது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸில் கேட்டால் ஹவுஸ்கீப்பிங் என்பார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் கேட்டால் ஸ்டோர்ஸில் இன்டென்ட் போட வேண்டும் என்பார்கள். இன்ஸ்பெக்‌ஷன் குழு வரும் வாரத்தில் மட்டும் மெஷின் நிரம்பியிருக்கும் என்று மாணவிகளிடையே ஒரு கிண்டலும் உண்டு. ஜிபே காலத்தில் சில்லறைக் காசு யார் பையில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

மெஷின் வாங்குவது ஒருமுறைச் செலவு, அதற்கு ஸ்பான்சர் கிடைப்பார். மாதாமாதம் நாப்கின் வாங்கி நிரப்புவது தொடர் செலவு, அதற்கு ரிப்பன் கிடையாது. பெரும்பாலான இடங்களில் பிரச்னை இந்த ஒரு இடத்தில்தான் சிக்கி நிற்கிறது. சொல்லப்போனால் மெஷினே அவசியமில்லை. டாய்லெட்டுக்குள் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் 20 நாப்கின், தினமும் பார்க்க ஒரு ஆள். கை கழுவும் சோப்புக்கு யாரும் காயின் கேட்பதில்லை. அதே மாதிரிதான் இதுவும்.

எவ்வளவு செலவாகும்?

பயப்படுகிற அளவுக்கு ஆகாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவிகித வரி போட்டார்கள். குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, நாப்கினுக்கு வரியா என்று நாடு முழுக்கப் பெண்கள் கேட்டதில், ஒரு வருடம் கழித்து 2018 ஜூலையில் வரியை முழுசாக எடுத்தார்கள். மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' என்ற பெயரில் வந்த நாப்கின் முதலில் ஒன்று 2.50 ரூபாயாக இருந்து, 2019 ஆகஸ்ட்டிலிருந்து 1 ரூபாய்க்கு விற்கப்படுகிறது.

இந்த 1 ரூபாயை வைத்தே கணக்குப் போடலாம். 1,000 மாணவிகள் படிக்கும் ஒரு கல்லூரி. அவசரத்துக்கு மட்டும் மாதம் ஆளுக்கு 3 என்று, 10 மாதம் டாய்லெட்டில் வைத்தால் 30,000 நாப்கின். செலவு 30,000 ரூபாய். ஒரு கல்ச்சுரல்ஸ் நிகழ்ச்சியின் ஸ்பீக்கர், லைட் வாடகைக்கே இதைவிட அதிகம் ஆகும். மாதம் 15 வீதம் வருடம் முழுக்க மொத்தத் தேவையையும் கல்லூரியே கொடுத்தால் 1,80,000 ரூபாய். ஆளுக்கு வருடம் 180. விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனாலும் ஒரு கல்லூரியின் பட்ஜெட்டில் அது பெரிய வரி இல்லை.

தமிழ்நாட்டில் இதை இவ்வளவு மலிவாக்க முடியும் என்று முதலில் காட்டியவரும் நம் ஊர்க்காரர்தான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், மனைவி பழைய துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, 1990-களின் கடைசியில் சொந்தமாக நாப்கின் செய்ய ஆரம்பித்தார். ஊரே பைத்தியம் என்றது. அவர் கடைசியில் உருவாக்கிய மலிவு விலை மெஷின்கள் பல மாநிலங்களில் மகளிர் குழுக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 2016-ல் பத்மஸ்ரீ. 2018-ல் அவர் கதையை வைத்து 'பேட் மேன்' இந்திப் படம் வந்தது. கல்லூரியே பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுவிடம் மொத்தமாக வாங்கினால், ஒரே செலவில் இரண்டு பக்கமும் பயன் போகும்.

நர்ஸ்களிடமிருந்து வந்த நாப்கின்

கோரிமேட்டுக்குப் பொருத்தமான ஒரு பழைய கதை உண்டு. இப்போது நாம் பார்க்கிற தூக்கிப்போடும் நாப்கினின் தொடக்கமே நர்ஸ்களிடம்தான். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்ட, மரக்கூழிலிருந்து செய்த உறிஞ்சும் பஞ்சு ஒன்று வந்தது. பருத்தியைவிட அதிகமாக உறிஞ்சும், விலையும் குறைவு. போர்முனையில் இருந்த நர்ஸ்கள் அதையே பீரியட்ஸுக்கும் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். போர் முடிந்து தேங்கிப்போன பஞ்சை என்ன செய்வது என்று யோசித்த அமெரிக்க கம்பெனி, 1920-ல் அதை 'கோடெக்ஸ்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. நூறு வருடம் கழித்தும் நர்ஸிங் மாணவி அவசரத்துக்கு வார்டு பஞ்சைத் தேட வேண்டியிருக்கிறது என்றால், கதை ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது.

கல்லூரி மாணவிகளையும் சேர்த்து யோசித்த முதல் நாடு ஸ்காட்லாந்து. 2018-ல் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் மூன்றிலுமாகச் சுமார் 3,95,000 பேருக்கு இலவச நாப்கின், டாம்பன் கொடுக்க 52 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். ஆளுக்கு 13 பவுண்டு வருகிறது. மோனிகா லெனன் என்ற எம்.பி கொண்டுவந்த மசோதா 2020 நவம்பர் 24-ல் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறி, 2022 ஆகஸ்ட் 15-ல் அமலுக்கு வந்தது. அதன்படி கல்வி நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் தேவைப்படும் யாருக்கும் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சுலபமாகக் கிடைக்க வேண்டும், எடுப்பவரின் கௌரவம் கெடக் கூடாது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். வார்டனிடம் போய் கேட்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குவது அந்த ஊரில் செல்லாது.

புதுச்சேரிக்கு நெருக்கமான உதாரணம் பிரான்ஸ். கொரோனா காலத்தில் பகுதிநேர வேலை போய், சாப்பாட்டுக்கே வரிசையில் நின்ற மாணவர்கள் அங்கே ஏராளம். நாப்கினா, சாப்பாடா என்ற நிலை பல மாணவிகளுக்கு. மாணவர் அமைப்புகள் இதைத் தொடர்ந்து எழுப்ப, 2021 பிப்ரவரியில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் ஃபிரெடெரிக் விடால் எல்லாப் பல்கலைக்கழக மாணவிகளுக்கும் இலவசம் என்று அறிவித்தார். முதலில் ஹாஸ்டல்களிலும் மாணவர் சுகாதார மையங்களிலும் சுமார் 1,500 டப்பாக்கள் வைக்கும் திட்டம். காயின் போடத் தேவையில்லை. தெருப் பெயர்களிலும் போலீஸ்காரர் தொப்பியிலும் பிரெஞ்சு வாசனையைக் காப்பாற்றி வைத்திருக்கும் புதுச்சேரி, இதையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

பக்கத்து கேரளாவில் வேறு வழியில் ஆரம்பித்தார்கள். 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாணவர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று மாதவிடாய்க்காக ஒவ்வொரு செமஸ்டரிலும் மாணவிகளுக்கு 2 சதவிகித அட்டெண்டன்ஸ் சலுகை கொடுத்தது. சில நாள்களிலேயே உயர்கல்வி அமைச்சர் ஆர்.பிந்து அதை மாநிலத்தின் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் விரிவுபடுத்துவதாக அறிவித்தார். பரீட்சை எழுத 75 சதவிகிதம் வேண்டிய இடத்தில் மாணவிகளுக்கு 73 போதும். இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. வயிற்றுவலியோடு பெஞ்சில் சுருண்டு கிடந்தவளுக்குத்தான் அந்த 2 சதவிகிதத்தின் அருமை தெரியும்.

'அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க' என்ற பயம்

இலவசமாக வைத்தால் மொத்தமாக எடுத்துப் போய்விடுவார்கள் என்பது நிர்வாகங்கள் சொல்லும் முதல் காரணம். முதல் வாரம் அப்படி நடக்கலாம். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகத்தில்தான் யாரும் இரண்டு சேர்த்து எடுப்பார்கள். தினமும் இருக்கும் என்று தெரிந்துவிட்டால் பதுக்கத் தேவையில்லை. அப்படியே ஒரு பெண் பாக்கெட்டோடு வீட்டுக்கு எடுத்துப் போனால், வீட்டில் தங்கைக்கோ அம்மாவுக்கோ தேவை இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திருட்டு என்று எழுதி நோட்டீஸ் ஒட்டுவதைவிட, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது உருப்படியான வேலை.

இன்னொரு எதிர்ப்பு, தரம். இலவச நாப்கின் என்றால் மெல்லிசாக இருக்கும், ஒட்டாது, கசியும் என்று வாங்கி வைத்துக்கொண்டு பயன்படுத்தாதவர்களும் உண்டு. கொள்முதல் கமிட்டியில் ஒரு மாணவிகூட இல்லாமல் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து குறைந்த விலை டெண்டரைத் தேர்ந்தெடுத்தால் அப்படித்தான் ஆகும். சாம்பிள் வாங்கி 20 பேரிடம் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போடுவது எங்கே?

கொடுப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி குப்பைத்தொட்டி. மூடியுள்ள தொட்டி இல்லாத டாய்லெட்டில் நாப்கின் எங்கே போகும் என்று பிளம்பரைக் கேட்டால் சொல்வார். அடைப்பை எடுக்கக் கையை விடுபவர் ஒரு துப்புரவுப் பணியாளர். வீட்டுக் குப்பையோடு கலந்து போனால் அதைப் பிரிப்பதும் வெறும் கைதான். புதுச்சேரியின் குப்பை போய்ச் சேரும் குருமாம்பேட் கிடங்கில், பிளாஸ்டிக் கலந்த நாப்கின்கள் மக்காமல் பல தலைமுறைக்குக் கிடக்கும்.

2016-ன் திடக்கழிவு விதிகள்படி நாப்கின் தயாரிப்பவர்களே அதைச் சுற்றிப் போட கவரும் கொடுக்க வேண்டும். நாமும் பேப்பரில் சுற்றித் தனியாகப் போட வேண்டும். சில கல்லூரிகளில் டாய்லெட்டிலேயே சின்ன எரிப்பு மெஷின் வைக்கிறார்கள். சரியான வெப்பம் இல்லாமல் பிளாஸ்டிக் எரிந்தால் நச்சுப் புகை வரும். அது வருவது மாணவிகள் நிற்கும் இடத்திலேயே. மருத்துவக் கழிவைத் தனியாகச் சேகரிக்கும் ஏற்பாடு உள்ள வளாகங்கள் நிறைந்த கோரிமேட்டில், இதையும் முறையாகச் சேகரித்து அனுப்புவது மற்ற இடங்களைவிட எளிது.

குப்பையே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லில் 2010-ல் தொடங்கிய 'ஈகோ ஃபெம்', துவைத்துப் பயன்படுத்தும் பருத்தித் துணி நாப்கின்களைத் தயாரிக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் தைக்கிறார்கள். விற்பனையோடு, வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்துச் சொல்லித்தரும் வேலையும் நடக்கிறது. ஒரு செட் பல வருடம் வரும். ஹாஸ்டலில் உள்ள சிக்கல் ஒன்றுதான்: துணி நாப்கினை நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். கொடியில் யாரும் பார்க்கக் கூடாது என்று டவலுக்கு அடியில் ஈரமாகக் காயவைத்தால் தொற்று வரும். பெண்கள் ஹாஸ்டல் மாடியில் பெண்களே மறைக்க வேண்டியிருப்பதை என்ன சொல்வது!

மென்ஸ்ட்ருவல் கப் இன்னொரு வழி. கேரளாவில் ஆலப்புழை நகராட்சி 2019-ல் 5,000 கப்களை இலவசமாகக் கொடுத்தது. 2022-ல் கும்பளங்கியில் கப்கள் விநியோகிக்கப்பட்டு, நாப்கின் இல்லாத கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு கப் பல வருடம் உழைக்கும். அதே நேரம் சுத்தமான தண்ணீரும் தாழ்ப்பாள் சரியாக விழும் பாத்ரூமும் வேண்டும். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆக, இலவசமாகக் கொடுக்கும்போது நாப்கின், துணி, கப் எது வேண்டும் என்று மாணவியே தேர்ந்தெடுக்க விடுவதுதான் சரியாக வரும்.

கணக்கில் வராத ரத்தம்

டப்பாவில் நாப்கின் வைப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எண்ணிக்கை தெரியும். ஒரு பீரியட்ஸில் சாதாரணமாக வெளியேறும் ரத்தம் 30 - 40 மில்லி. 80-க்கு மேல் போனால் அதிகம். மில்லியில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, 7 நாளுக்கு மேல் போகிறது, பெரிய கட்டிகளாக வருகிறது, ராத்திரியில் மாற்றுவதற்காகவே எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் அளவு. இருக்கிற நாலு நாப்கினையே இழுத்துப் பிடித்து ஓட்டும் பெண்ணுக்கு, தனக்கு அதிகமாகப் போகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும் இன்னொரு கணக்கு, இந்தியாவில் 15 - 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கிளாஸில் தூக்கம், முடி கொட்டுவது எல்லாவற்றையும் ஹாஸ்டல் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுகிறோம். மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது இரண்டு மூன்று மாதமாகத் தொடர்ந்தால் ஹீமோகுளோபின் டெஸ்ட் ஒன்று எடுத்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோரிமேட்டில் படிப்பவர்களுக்கு அதற்கு பஸ் ஏறக்கூடத் தேவையில்லை. கடைசி மூன்று பீரியட்ஸின் தேதியையும், ஒவ்வொன்றிலும் எத்தனை நாப்கின் ஆனது என்பதையும் போனில் குறித்து எடுத்துப் போனால், டாக்டர் முதலில் கேட்கும் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.